இரண்டாவது மேஜர்

1

போன மாசியில் என் மூத்த மகள் நிவேதாவுக்கு இருபத்தோரு வயது முடிந்தது. விருத்தாசலத்திலிருந்து வாழ்த்துச் சொன்ன சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதே மூச்சில் இன்னொன்றும் கேட்டார்கள். "படிப்பு முடியப் போவுதே, மாப்ள பாக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" சிரித்து மழுப்பினேன். இருபத்தொன்று என்ற எண்ணை நினைத்து எங்கள் வீட்டில் நாங்கள் எப்படிப் பயந்துகொண்டிருந்தோம் என்று அவர்களுக்குத் தெரியாது. நாங்களும் சொன்னதில்லை. அமெரிக்காவில் இருப்பவர்கள் கஷ்டம் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை என்பது ஒரு காரணம். சொல்ல ஆரம்பித்தால் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பது இன்னொரு காரணம்.

இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

நாங்கள் இருப்பது ஒஹையோ மாநிலத்தில். என் கணவர் வேலை விசாவில் இங்கே வந்தவர். அந்த ஒரு விசாவைப் பிடித்துக்கொண்டு மனைவியும் பிள்ளைகளும் உடன் இருக்கலாம். ஆனால் பிள்ளைகளுக்கு இருபத்தோரு வயது வரைதான். அதற்குள் நிரந்தரமாகத் தங்குவதற்கான அட்டை வந்துவிட்டால் கவலை இல்லை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை மிக நீளம். நாங்கள் விண்ணப்பித்தபோது நிவேதா மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் வரவில்லை. இருபத்தொன்று முடிகிற அன்று அவள் பெயர் எங்கள் வரிசையிலிருந்து தானாகவே கழன்றுவிடும். அதன் பிறகு இந்த நாட்டில் இருக்க அவளுக்கென்று தனியாக ஒரு காரணம் வேண்டும்.

2

ஊரில் கேட்பார்கள், அங்கேயே பிறந்தால் அந்த நாட்டுக் குடிமகள்தானே என்று. சரிதான். அவள் இங்கே பிறக்கவில்லை.

கல்யாணமாகி ஒஹையோவுக்கு வந்த இரண்டாம் வருடம் உண்டானேன். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது வழக்கம். இங்கே எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. ஆறாவது மாதம் விமானம் ஏறினேன். யாரும் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. நானாகத்தான் போனேன். மாசிமகத்துக்கு முந்தின நாள் வலி எடுத்தது. கோயிலைச் சுற்றி எந்தத் தெருவிலும் ஆட்டோ நுழைய முடியாத கூட்டம். ஜங்ஷன் பக்கமாகச் சுற்றிக்கொண்டு கடலூர் ரோட்டில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். குழந்தை பிறந்ததும் என் தம்பி செந்தில் எஸ்டிடி பூத்திலிருந்து என் கணவருக்குச் சொன்னான். எல்லோருக்கும் சந்தோஷம். ஐந்தாவது மாதம் அவளைத் தூக்கிக்கொண்டு இங்கே திரும்பி வந்தேன்.

ஐந்து வருடம் கழித்து இரண்டாவது பெண் மீனா. அப்போது லீவும் கிடைக்கவில்லை, அம்மாவுக்கும் உடம்பு முடியவில்லை. அதனால் இங்கேயே, வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் பிறந்தாள். என் கணவர்தான் ரசம் வைத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே மேசையில் சாப்பிடும் இரண்டு பெண்களில் சின்னவள் இந்த நாட்டுக்காரி. பெரியவள் வந்து தங்கியிருக்கிறவள்.

நிவேதாவுக்கு இது தெரிந்தது பதினாறு வயதில். தோழிகள் எல்லோரும் ஒரு ஐஸ்கிரீம் கடையில் சாயங்கால வேலைக்குச் சேர்ந்தார்கள். அவளும் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்தாள். அதை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் நாங்கள் சொன்னோம், உன் விசாவில் நீ சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது என்று. கேட்டுவிட்டு, விண்ணப்பத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "அப்ப நான் இங்க கெஸ்ட்டா?" என்று கேட்டாள். மீனா சிரித்தாள். அவளுக்குப் பதினொரு வயது, விளையாட்டு என்று நினைத்துவிட்டாள்.

3

இருபதாவது பிறந்தநாளுக்கு நிவேதா கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். கல்லூரி இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் படிப்பு, அதில் மூன்றாம் வருடம். அந்த ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் குழந்தைகளுக்குக் கதை வாசிப்பாள், சம்பளம் இல்லாமல். கேக் வெட்டும்போதுகூட ஏதோ ஒரு குழந்தை "டைனோசருக்கு அம்மா உண்டா" என்று கேட்டதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் கணவர் சிரிக்கவில்லை. கையில் போனை வைத்திருந்தார். காலண்டரைத் திறந்து ஒவ்வொரு மாதமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு முறை தள்ளியதும் நிறுத்தினார்.

எங்கள் குடியிருப்பில் ஒரு தெலுங்குக் குடும்பம் உண்டு. அவர்கள் பையன் போன வருடம் இருபத்தொன்று முடிந்து ஹைதராபாத் போனான். மூன்று வயதில் இங்கே வந்தவன். அங்கே யாரையும் தெரியாது. அந்த அம்மாவும் அப்பாவும் இங்கிருந்து கிளம்பினால் மறுபடி விசா முத்திரை குத்தித் திரும்ப விடுவார்களா என்ற பயத்தில் இன்னும் பார்க்கப் போகவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போனால் ஒரு அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்காரப் பழகிவிட்டேன்.

அன்று நிவேதா கிளம்பிப் போனதும் அவளுடைய அறைக் கதவைத் திறந்தே வைத்தேன். ஒரு மாதிரிப் பயமாக இருந்தது.

4

இரண்டாவது மேஜர் என்ற யோசனை என்னுடையது அல்ல. என் கணவரின் அலுவலகத்தில் ஒருவர் சொன்னது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியது நான்தான்.

இங்கே கல்லூரியில் எடுக்கும் முதன்மைப் பாடத்தை மேஜர் என்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு எடுக்கலாம். வெளிநாட்டு மாணவர்கள் பட்டம் வாங்கியபின் ஒரு வருடம் இங்கே தங்கி வேலை செய்யலாம். படித்தது கணக்கு, கணினி, அறிவியல் என்று அரசு வைத்திருக்கும் பட்டியலில் இருந்தால் இன்னும் இரண்டு வருடம் கூடக் கிடைக்கும். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் படிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. புள்ளியியல் இருக்கிறது. அதைச் சேர்த்தால் படிப்பு ஒரு வருடம் நீளும், வேலையும் சுலபமாகக் கிடைக்கும், மூன்று வருடம் இருக்கலாம். அதற்குள் ஏதாவது வழி பிறக்கும்.

எனக்கு இதில் பயப்படச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. நான் படித்தது செராமிக் டிப்ளமா, பீங்கான் தொழில் படிப்பு. எங்கள் ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தெருவுக்கு இரண்டு பேர் படித்திருப்பார்கள், ஆளுக்கொரு ஃபியூஸ் கம்பெனியோ பொம்மைக் கம்பெனியோ வைத்திருப்பார்கள். இங்கே வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் ஒரு வேலைவாய்ப்பு நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "அழகான பொழுதுபோக்கு, நானும் வார இறுதியில் குவளை செய்வேன்" என்றாள். சூளை, மின்காப்பான், களிமண் சோதனை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். இப்போது நான் ஒரு பள்ளியின் மதிய உணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரே ஒரு படிப்பை வைத்துக்கொண்டு அயல்நாட்டில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கோடை விடுமுறையில் அவளை உட்காரவைத்துச் சொன்னோம்.

"எனக்குக் கணக்கு வரும்மா. வராதுன்னு சொல்லல. ஆனா எனக்கு அது வேணாம்" என்றாள்.

"வேணும் வேணாம்ங்கறதுக்கு நமக்கு இப்ப நேரமில்லடி."

"அப்பாவும் இப்படித்தானே ஆரம்பிச்சாரு? மூணு வருஷம்னு. அப்புறம் இன்னொரு மூணு வருஷம்."

என் கணவர் மேசையில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்த மாதம்தான் அவர் அலுவலகத்தில் நான்கு பேரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். அவரை அனுப்பினால் இரண்டு மாதத்துக்குள் எங்கள் எல்லோருக்குமே வாசல் மூடிவிடும். அதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் அழுதேன். திட்டம் போட்டு அழவில்லை, ஆனால் அழுவதால் என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் அழுதேன்.

"சரிம்மா, ரெண்டு கிளாஸ் எடுத்துப் பாக்கறேன்" என்றாள்.

5

அதே கோடையில் எங்கள் விசா விஷயங்களைப் பார்க்கும் வக்கீலின் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நிவேதாவின் பிறப்புச் சான்றிதழில் ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் இருக்கிறதாம். இரண்டும் ஒரே ஊர்தானா என்று நகராட்சியிடம் எழுதி வாங்க வேண்டுமாம். இருபது வருடமாக யாரும் கேட்காத கேள்வியை இப்போது ஏன் கேட்கிறார்கள்?

செந்திலுக்குச் சொன்னேன். அவன் செராமிக் எஸ்டேட்டில் ஃபியூஸ் கட்டை செய்யும் சின்னக் கம்பெனி வைத்திருக்கிறான். வேலையை விட்டுவிட்டு நான்கு நாள் நகராட்சிக்கு அலைந்தான்.

"அக்கா, அந்த ஆபீஸுல சிரிக்கிறாங்கக்கா. ஸ்டேஷன் போர்டுல ஒரு ஸ்பெல்லிங்கு, பஸ்ஸுல ஒண்ணு, கோர்ட்டுல ஒண்ணு, எங்க ஆபீஸு சீல்லயே வேற ஒண்ணு இருக்குது, எதன்னு எழுதிக் குடுக்கறதுன்னு கேக்கறாங்க."

"எப்படியாவது வாங்குடா."

"வாங்கிடறேன். நீ ஏன் இப்படிப் பதறுற? பாப்பாவுக்கு என்னா?"

முதல்முறையாக அவனிடம் கொஞ்சம் சொன்னேன். இருபத்தொன்று வருகிறது, அதற்குள் அவளை இன்னொரு மேஜர் எடுக்க வைக்க வேண்டும் என்று. அவனுக்குப் புரியவில்லை.

"மேஜரா? பதினெட்டு முடிஞ்சப்பவே மேஜர் ஆயிடுச்சேக்கா. அங்க இன்னொரு தடவ ஆவணுமா?"

சிரிக்கத்தான் வேண்டும். விளக்கிச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்படி முடியலன்னா இங்க அனுப்பிடு. வூடு இருக்குது, நான் இருக்கேன்" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. ஏதோ பார்சல் அனுப்புவதுபோலச் சொல்கிறானே என்று. அவளுக்குத் தமிழில் நாற்பது வரை எண்ணத் தெரியும். இரண்டு முறைதான் ஊருக்கு வந்திருக்கிறாள், கடைசியாக வந்தபோது ஒன்பது வயது. வந்த பத்து நாளில் ஆறு நாள் காய்ச்சல். அவளுக்கு விருத்தாசலம் என்றால் கொசுவலை, குளுக்கோஸ் பாட்டில், அவ்வளவுதான்.

6

ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்கின. முதலில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் இருந்தது. இரண்டு புள்ளியியல் வகுப்பு. நல்ல மதிப்பெண். செப்டம்பர் கடைசியில் சனிக்கிழமைக் கதை வாசிப்பை நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். நேரம் இல்லையாம். "கொஞ்ச நாளைக்குத்தானே" என்றேன்.

பிறகு வாரம் இரண்டு முறை பேசுவது ஒரு முறை ஆயிற்று. பேசினாலும் நான் கேட்டதற்கு மட்டும் பதில். குழந்தைகள் என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று மூச்சுவிடாமல் பேசுகிறவள். இப்போது "ஃபைன்மா" என்பாள். நான் என்ன கேட்டாலும் "ஃபைன்மா"தான். அக்டோபரில் நாங்கள் போய்ப் பார்த்தபோது இருபது நாளுக்கு முன் கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல் டப்பா குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய நாடா பிரிக்காமல் இருந்தது. அவள் மேசைக்கு மேலே குழந்தைகள் வரைந்து கொடுத்த படங்களை ஒட்டி வைத்திருப்பாள். சுவர் வெறுமையாக இருந்தது. நாடா ஒட்டியிருந்த இடங்களில் மட்டும் பெயிண்ட் சின்னச் சின்னதாக உரிந்திருந்தது.

"படமெல்லாம் எங்கடி?"

"உள்ள வச்சிருக்கேன்."

திரும்பி வரும்போது இலைகள் உதிர ஆரம்பித்திருந்தன. ஐந்து மணிக்கே இருட்டிவிடும் காலம் வந்துகொண்டிருந்தது. வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தியபோது என் கணவர், "போதும்னு சொல்லிடலாமா?" என்றார்.

"சொல்லிட்டு? மாசிக்கு அப்புறம் என்ன பண்றது?" என்று கேட்டேன். அவர் பெட்ரோல் போட இறங்கிப் போனார். அவர் கேட்டார், நான் மறுத்தேன் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

7

வகுப்புகள் எடுத்தால் மட்டும் போதாது. இரண்டாவது மேஜரை முறையாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு நவம்பரில் ஒரு கடைசி நாள். நான் அதைச் சமையலறைக் காலண்டரில் வட்டமிட்டிருந்தேன். அவளிடம் நான்கு முறை ஞாபகப்படுத்தினேன். "பண்றேம்மா" என்றாள்.

கல்லூரியில் சேர்ந்த காலத்திலிருந்து அவளுடைய விண்ணப்பங்களை நானும் அவளும் சேர்ந்துதான் நிரப்புவோம். அவளுடைய கடவுச்சொல் வீட்டுக் கணினியிலேயே இருந்தது. அந்தக் கடைசி நாள் மதியம் பள்ளியிலிருந்து வந்ததும் திறந்து பார்த்தேன். பதிவு செய்யவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்று முறை செய்தேன். ஐந்து மணிக்கு மூடிவிடும். மறந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் மறக்கிற பெண் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நான்கரைக்கு அந்தப் பக்கத்தை நிரப்பத் தொடங்கினேன். புள்ளியியல் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தேன். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. "இதை நிரப்பும் மாணவர் நான்தான் என்று உறுதி கூறுகிறேன்." அதில் ஒரு டிக் போட வேண்டும். போட்டேன். பச்சை நிறத்தில் நன்றி என்று வந்தது.

எழுந்து போய் அரிசி களைந்தேன். மீனா பள்ளியிலிருந்து வந்து, "ஏம்மா தண்ணி திறந்தே இருக்கு?" என்று கேட்டபோதுதான் பைப்பை மூடாமல் நின்றுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

இவரிடம் சொல்லவில்லை. அடுத்த மூன்று வாரம் நிவேதா போன் செய்தாலும் பயம், செய்யாவிட்டாலும் பயம். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு குழந்தைக்கு ஒவ்வாத உணவைத் தட்டில் வைக்கப் போனேன், பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். அன்று எனக்கு என் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

8

டிசம்பர் முதல் வாரம், ஒரு புதன்கிழமை சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல் நிவேதா வாசலில் நின்றாள். பஸ்ஸில் வந்திருந்தாள். காலணியில் பனி. உள்ளே வந்து, கோட்டைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"புள்ளியியல் துறையிலேர்ந்து எனக்கு வெல்கம் மெயில் வந்திருக்கு. யாரு செஞ்சது?"

இவர் என்னைப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அந்த நிமிடத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான்தான்" என்றேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நான் மறக்கல தெரியுமா? அன்னைக்கு நாலு மணிலேர்ந்து லேப்டாப்பத் திறந்து வச்சிட்டு உக்காந்திருந்தேன். உன் போன் வந்துச்சு, பாத்தேன், எடுக்கல. அஞ்சு மணி ஆனதும் மூடிட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் நல்லாத் தூங்குனேன்" என்றாள்.

"உனக்காகத்தானே..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா. நான் எங்க பொறக்கணும்னு நீ முடிவு பண்ணுன. அது பரவால்ல, அப்ப நான் இல்ல. இப்ப நான் இருக்கேன்ல?"

இதை அவள் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் கொஞ்சம் குறைவாக வலித்திருக்கும். தமிழில், நிறுத்தி நிறுத்தி, வார்த்தை தேடிச் சொன்னாள்.

மீனா படிக்கட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இவர் எழுந்துபோய் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் அலுவலகத்தில் ஆட்களை அனுப்புவதை, இதுவரை மறைத்ததையெல்லாம் சொன்னார். அவள் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என் கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை கிளம்பும் முன் சொன்னாள், மேஜரை நீக்கப் போவதில்லை என்று. "அப்பாவுக்கு வேல போனா, எனக்கு மூணு வருஷம் இருக்குறது நல்லது. நான் முடிக்கறேன்." எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அன்று மத்தியானம் கணினியில் அவளுடைய பக்கத்தைத் திறக்கப் பார்த்தேன். கடவுச்சொல் தவறு என்று வந்தது.

9

இருபத்தொன்று முடியும் முன் அவள் மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அந்த விண்ணப்பத்தில் ஒரு விசித்திரம் உண்டு. இந்த நாட்டில் இருக்க அனுமதி வேண்டுமென்றால், படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்று நம்பும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். திரும்பிப் போக அங்கே ஒரு வீடு இருக்கிறது, மனிதர்கள் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். "எல்லோரும் எழுதுவதுதான், ஒரு மாதிரிக் கடிதம் அனுப்புகிறேன்" என்றார் வக்கீல்.

நிவேதா அந்த மாதிரியைப் பயன்படுத்தவில்லை. தானே எழுதினாள். வக்கீல் சரிபார்க்கச் சொல்லி எங்களுக்கு அனுப்பிய நகலில்தான் படித்தேன். விருத்தாசலத்தில் என் மாமா வீடு இருக்கிறது, மாடியில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது, கருவேப்பிலங்குறிச்சி போகும் வழியில் உள்ள சிறிய பள்ளி ஒன்றில் சின்ன வகுப்புகளுக்கு ஆசிரியர் தேவைப்படுகிறது, அந்தத் தலைமை ஆசிரியையிடம் பேசியிருக்கிறேன், படிப்பு முடிந்ததும் அங்கே போக எண்ணியிருக்கிறேன். இவ்வளவும் இருந்தது. மாடியில் அறை இருப்பது எனக்கே தெரியாது.

செந்திலுக்குப் போன் செய்தேன்.

"ஆமாக்கா, பாப்பா வாரா வாரம் பேசுது. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சிக்கிட்டு இருக்கேன்? அந்த டீச்சரம்மா நம்பரும் நான்தான் குடுத்தேன். அரை மணி நேரம் பேசிருக்குது. தமிழ் கொஞ்சம் ஒதைக்குது, ஆனா பேசிடுது."

"எப்பலேர்ந்து?"

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து. ஏன்க்கா, எதாவது பிரச்சனையா?"

தீபாவளிக்கு முன்னால் என்றால், அந்த வெறும் சுவரைப் பார்த்துவிட்டு வந்த நாட்களில். நான் அவளிடம் எத்தனை வகுப்பு, எத்தனை மதிப்பெண் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் வேறு எங்கோ பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மாடி ரூமு சும்மா களிமண் மூட்ட போட்டு வச்சிருந்தேன். எடுத்துட்டு வெள்ளையடிச்சிட்டேன். ஏசி போடவா வேணாமான்னு உன்னக் கேக்கணும்னு இருந்தேன். நீ என்னா சொல்ற?"

அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பிறந்தநாளன்று அவள் வரவில்லை, பரீட்சை. வீடியோவில் பேசினோம். மீனா கேக்கை வெட்டித் திரையில் ஊட்டினாள். எங்கள் வரிசையில் இனி இவரும் நானும் மட்டும்தான். பத்து நாள் கழித்து மாணவர் அனுமதி வந்தது. இவர் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுச் சாமி படத்தின் முன் வைத்தார். இவருக்கு வேலை இன்னும் இருக்கிறது. இந்த வாரம் வரை இருக்கிறது.

அன்று நிவேதாவோடு தனியாகப் பேச நேரம் கேட்டேன். டிசம்பருக்குப் பிறகு அவள் என்னோடு பேசுவது மரியாதையாக இருக்கிறது. வெளியாட்களிடம் பேசும் மரியாதை.

"அந்த லெட்டர்ல எழுதியிருந்தியே, ஊருக்குப் போறேன்னு. அது வக்கீல் கேட்டதுக்காக எழுதுனதுதானே?"

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ கதவைத் திறந்து மூடும் ஓசை.

"கையெழுத்துப் போட்டுக் குடுக்கறதும்மா அது. நான் எப்படிப் பொய் எழுதுவேன்?" என்றாள்.

அவள் போனால் நான் பின்னாலேயே போய்ப் பார்க்க முடியாது. அந்தத் தெலுங்கு அம்மாவைப் போலத்தான். மூன்று வருடம் காகிதத்தில் வாங்கி வைத்திருக்கிறேன், அதை அவள் எடுத்துக்கொள்வாளா என்று தெரியாது. எடுத்துக்கொள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள்.

மறுநாள் காலை செந்திலைக் கூப்பிட்டேன்.

"ஏசி போட்டுடுடா. அவளுக்கு அந்த வெயில் ஒத்துக்காது."

"சரிக்கா. எப்ப வருது பாப்பா?"

"தெரியல. அத அவதான் சொல்லணும்" என்றேன்.